ஆயிரத்தோராவது எண்

ஒரு தவறைக் கண்டுபிடித்தவரும் அதற்கு வழிவிட்டவரும் ஒரே ஆள் என்றால், அவரை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது? பான் யுன்லானை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியை ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரி, தொழிற்கூடத்தையே காப்பாற்றினாள் என்று ஒரு கட்சி. தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தாள், இதில் என்ன பெருமை என்று இன்னொரு கட்சி. இரண்டும் உண்மை. இரண்டு உண்மைகளில் வசதியான ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது சோம்பேறித்தனம்.

ஷென்ஜென் நகரின் மேற்கு ஓரத்தில், சிப்பிக்குப் பேர்போன ஷாஜிங்கில், வெங் என்பவரின் தொழிற்கூடம் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் தளத்தில் இருந்தது. அறுபது பெண்கள். கடை ஷட்டர்களை ஏற்றி இறக்கும் ரிமோட்டுகள் செய்வார்கள். ஒவ்வொரு ரிமோட்டுக்குள்ளும் ஒரு மிளகளவு சிப் உட்கார்ந்திருக்கும். நாளெல்லாம் தூங்கும். பொத்தானை அழுத்தினால் விழித்து, தன் எண்ணைக் காற்றில் நாலைந்து முறை சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போகும். அதனால்தான் ஒரு சின்ன பேட்டரி இரண்டு வருஷம் தாங்குகிறது. குரலும் சின்னக் குரல்தான்; நாற்பது தப்படிக்கு அப்பால் யாருக்கும் கேட்காது. ஷட்டரின் தலைமேல் இருக்கும் பெட்டி, தனக்குக் கற்றுக்கொடுத்த எண்ணைக் கேட்டால் மட்டும் அசையும். எனவே ஒரு சிப்பின் எண் இன்னொன்றுக்கு இருக்கக் கூடாது. தொழிலின் மொத்த தர்மமும் இவ்வளவுதான்.

யுன்லான் குவாங்ஷி மலைக்காரி. சிறு வயதில் அன்னாசிப்பூ தரம் பிரித்தவள். எட்டு இதழும் முழுதாக இருந்தால் ஒரு கூடை, ஒன்று ஒடிந்திருந்தால் வேறு கூடை. பதினேழு வயதில் வெங்கிடம் வந்தாள். இன்னொரு பதினேழு வருஷம் ஓடி, 2011-இல் கடைசிப் பரிசோதனை மேசைக்கு அவள்தான் தலைவி. கணவன் பக்கத்துக் கட்டடத்தில் பளுதூக்கி வண்டி ஓட்டினான். மகள் ஷாஜிங்கிலேயே படித்தாள். பரிசோதிப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணுள்ள முத்திரை உண்டு. அந்த ஊரில் நான்கு என்ற எண்ணை யாரும் தொடமாட்டார்கள், சாவு என்ற சொல்லைப் போலவே ஒலிக்கும் எண் என்று. நான்காம் முத்திரை மேசை இழுப்பறையில் பல வருஷம் சும்மா கிடந்தது. யுன்லான் அதை எடுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "மத்ததெல்லாம் தேஞ்சு கெடக்கு. இது புதுசா இருக்கே" என்றாள். அவளுடைய தன்னம்பிக்கை அப்படிப்பட்டது. அது பெரும்பாலும் சரியாக இருந்ததுதான் ஆபத்து.

அந்த வசந்தத்தில் அவள் ஒரு மாற்றம் செய்தாள். அதுவரை, பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு ரிமோட்டின் எண்ணையும் ஒரு பழைய கம்ப்யூட்டர் கேட்டுக் குறித்துவைக்கும். முன்பே வந்த எண் மறுபடி வந்தால் கத்தும். ஒரு ரிமோட்டுக்குப் பதினோரு நொடி பிடிக்கும். யுன்லான் முதலாளியிடம் போனாள்.

"மூணு வருஷமா ஒரு தடவகூட கொரைக்காத நாய் முதலாளி இது. இதுக்கு எதுக்குத் தெனமும் சோறு?"

கம்ப்யூட்டருக்குப் பதிலாக, எந்த எண் வந்தாலும் எரியும் ஒரு விளக்கை வைத்தாள். நாலு நொடி. உற்பத்தி இரண்டு மடங்குக்கும் மேல் ஆயிற்று. வெங் சிவப்பு உறையில் பரிசு கொடுத்து அவள் படத்தைச் சுவரில் மாட்டினார். நாய் குரைக்காததற்குக் காரணம் திருடன் வராததாகவும் இருக்கலாம் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

சீனர்களின் சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் பிறந்தது. பசித்த ஆவிகள் ஊருக்குள் வரும் மாதம். அந்த மாதத்தில் யாரும் புதுக் கடை திறக்கமாட்டார்கள், கல்யாணம் வைக்கமாட்டார்கள், வீடு மாறமாட்டார்கள். அந்த மாதத்தின் இரண்டாம் வாரத்தில் வெங்கின் சரக்கறை ஷட்டர் தானாக ஏறத் தொடங்கியது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, சில நாள் மூன்று முறை. கறமுறவென்று ஏறி, யாரும் உள்ளே போகாமல், யாரும் வெளியே வராமல், திறந்தபடி நிற்கும்.

வேறு மாதமாக இருந்தால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருப்பார்கள். ஏழாம் மாதமாயிற்றே. வெங், சாமி ஆவி விஷயத்தில் கண்டிப்பான சாவ்ஜோவ் பக்கத்து ஆள். அன்றே ஊதுவத்தி வாங்கிவந்தார். பெண்கள் ஆவிகளுக்கென்று விற்கும் காகிதப் பணத்தை மாடிப்படியில் எரித்தார்கள். ஷட்டருக்கு முன்னால் ஆரஞ்சுகள் அடுக்கினார்கள். யுன்லானும் கும்பிட்டாள். அதை அவள் பிறகு மறைத்ததும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, ஞாயிறு முழுக்கக் காவல் இருந்த காவலாளி பரிசோதனை மேசைப் பெண்களிடம் புலம்பினார்.

"நேத்து நாற்காலியப் போட்டு எதுத்தாப்புலயே உக்காந்திருந்தேன் லான். ஒரு எழவும் நடக்கல. ஆரஞ்சு வாடினதுதான் மிச்சம்."

யுன்லானின் மேசையில் பக்கத்து இருக்கைக்காரி தாங் ஹுய், ஹூனான் மாகாணத்து வாயாடி, விடவில்லை. "ஒம் மூஞ்சியப் பாத்துட்டு அதுவே பயந்து ஓடியிருக்கும்ணே."

"அதுக்கு முந்துன ஞாயிறு?" என்று கேட்டாள் யுன்லான்.

"அன்னிக்கும் வரல."

"சாப்பாட்டு நேரத்துல என்னிக்காச்சும் ஏறியிருக்கா?"

காவலாளி யோசித்தார். "இல்ல."

"அப்ப இந்தப் பேய்க்கு ஞாயிறு லீவு, மத்தியானம் ஒரு மணி நேரம் எடைவேள."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சரக்கறைக்குள் போய், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அந்தப் பழைய கம்ப்யூட்டரை இழுத்துவந்து தூசி தட்டினாள். அந்த மாதம் நாடாச் சுருளாக வந்த புதிய சிப் ரீலில் இருந்து வரிசையாகச் செய்த ரிமோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக அழுத்தினாள். பெருவிரல் காய்த்துப்போகும் வேலை. ஆயிரம் வரை கம்ப்யூட்டர் வாய் திறக்கவில்லை. ஆயிரத்தோராவதில் கத்தியது. அதன் எண்ணும் முதலாவதின் எண்ணும் ஒன்று. ஆயிரத்திரண்டாவதில் மறுபடி கத்தியது. அதற்குமேல் நிறுத்தவே இல்லை.

சரக்கறை ஷட்டருக்கு வெங் மாட்டியிருந்ததும் இதே சரக்கில் ஒரு ரிமோட்தான். அதன் எண்ணுள்ள இன்னொன்று பரிசோதனை மேசைக்கு வந்து, யாராவது பொத்தானை அழுத்திய போதெல்லாம், ஷட்டர் கீழ்ப்படிந்து ஏறியிருக்கிறது. ஆவி என்று ஒன்று இருந்ததென்றால், அது நான்காம் முத்திரை வைத்திருந்த கைதான்.

அவள் நேராக முதலாளியிடம் போனாள். உட்காரவில்லை.

"சிப்புல ஆயிரத்துக்கு ஒரு தடவ அதே நம்பரு திரும்ப வருது. பழைய பரிசோதன இருந்திருந்தா மொத நாளே மாட்டியிருக்கும். அத எடுத்தது நானு."

வெங் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கட்டைவிரலளவுக் கிண்ணங்கள். "சிப்ப மலிவா வாங்குனது நானு" என்றார். "சரி விடு. இதோட கொரலு நாப்பது தப்படிதான. ஒண்ணு ஹெனான் போகும், ஒண்ணு யுன்னான் போகும். ரெண்டும் எங்க போயி சந்திக்கப் போவுது?"

"ஃபோஷான்ல சந்திக்கும் முதலாளி. பல ரீல்ல கலந்து எடுத்த அறுநூத்தி இருவத்திநாலும் ஒரே சந்தைக்குப் போயிருக்கு."

ஃபோஷானில் புதிதாக ஒரு சந்தை, தரையில் பதிக்கும் டைல்ஸ் ஓடு விற்பது. முந்நூற்றுப் பன்னிரண்டு கடை, கடைக்கு இரண்டு ரிமோட். எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஏழாம் மாதம் கழியட்டும் என்று காத்திருந்து, எட்டாம் மாதம் எட்டாம் நாள், காலை எட்டு மணி பதினெட்டு நிமிஷத்துக்குத் திறப்பு என்று நாள் குறித்திருந்தார்கள், எட்டு அதிர்ஷ்ட எண் என்பதால். அந்த நிமிஷத்தில் அத்தனை கடைக்காரரும் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்துவார்கள். அழுத்தினால் ஏறும், இன்னொரு முறை அழுத்தினால் நிற்கும், மூன்றாம் முறை இறங்கும். அழுத்தியது சொந்தக்காரரா, எதிர்க்கடைக்காரரா என்று ஷட்டருக்குத் தெரியாது.

வெங்கின் கிண்ணம் பாதி வழியில் நின்றது. திறப்பு நேரத்தில் கதவு இறங்குவது அபசகுனம்; தம் கடைக்கு அப்படி நேர்ந்தால் தாமே அந்தக் கடையை விற்றுவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சந்தையின் அடுத்த இரண்டு வரிசைக்கும் ரிமோட் கொடுப்பதாக வாக்கு இருந்தது. அறுபது பெண்களின் அடுத்த வருஷம் அதில்தான் தொங்கியது.

"நல்லது எத்தன இருக்கு?"

"பழைய சிப்புல செஞ்சது தொண்ணூத்தாறு."

"அறுநூத்துக்குத் தொண்ணூத்தாறா!"

"நீங்கதான சொன்னீங்க, நாப்பது தப்படின்னு. பக்கத்துப் பக்கத்துல மாட்டிக்கிட்டதுகள மட்டும் மொதல்ல பிரிச்சாப் போதும். தூரத்துல இருக்கறத அப்புறம் மாத்திக்கலாம்."

சமாளிப்பதற்காக அவர் சொன்ன வார்த்தையை அவள் அளவுகோலாக்கிவிட்டாள். இந்தச் சிப்பின் பலவீனத்தில் ஒரு கருணை இருக்கிறது. அதன் பிழையும் நாற்பது தப்படிதான் நடக்கும்.

மறுநாள் அவள் ஹுவாச்சியாங்பெய் போனாள். சிப் விற்கும் அந்தச் சந்தைக் கட்டடங்களில் ஒன்றில், மூன்றாம் மாடியில், ஒரு மீட்டர் அகலக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஃபாங் உட்கார்ந்திருந்தார். வெங்குக்கு அந்த ரீல்களை விற்றவர். ஐம்பது வயது. வெங்கின் ஊர்ப் பக்கம்தான்.

"உங்க சரக்கு நம்பரு திரும்புது" என்றாள்.

"ஆமா, திரும்பும்" என்றார் அவர்.

சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். "தெரிஞ்சேதான் வித்தீங்களா?"

"உங்க முதலாளி வந்து என்ன கேட்டாரு? இருக்கறதுலயே மலிவு எதுன்னாரு. காட்டுனேன். ஓடுமான்னாரு. ஓடும்னேன். ஓடுதா இல்லியா?"

"ஓடுது."

"நம்பரு திரும்புமான்னு கேக்கல. கேட்டிருந்தா ஆயிரத்துக்கு ஒரு தடவன்னு சொல்லியிருப்பேன்."

"கேக்காட்டி சொல்ல மாட்டீங்க."

"தங்கச்சி, கத்தி விக்கிறவன் வெட்டும்னு சொல்லிக்கிட்டா விப்பான்?"

"வெட்டும்னு சொல்ல வேணாம். பிடியும் வெட்டும்னா சொல்லணும்."

ஃபாங் ஒரு கிண்ணம் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை.

"நல்ல சிப் எப்ப வரும்?"

"பன்னெண்டு நாளாவும். இப்ப இந்தக் கட்டடத்துலயே கெடையாது. எதுத்த வரிசையில நல்லதுன்னு நீட்டுவாங்க, வாங்கிடாத. அதுவும் இதே சரக்குதான். முதுகச் சொரண்டிட்டு வேற பேரு அடிச்சிருக்கு."

அவர் நினைத்திருந்தால் அதே பொய்யைத் தானும் விற்றிருக்கலாம். விற்கவில்லை. இதை நேர்மை என்பதா, கேட்டதற்கு மட்டும் விடை சொல்லும் ஒரு பழக்கம் என்பதா? அவசரப்பட்டுப் பேர் வைக்காமல் விடுவது நல்லது.

திறப்புக்கு மூன்று நாள் முன்னால் யுன்லானும் தாங் ஹுய்யும் வேனில் ஃபோஷான் போனார்கள். தொண்ணூற்றாறு ரிமோட், அந்தப் பழைய கம்ப்யூட்டர், நீளமான மின்கயிறு. பேட்டரி சரிபார்க்க வந்ததாகச் சொல்லும்படி வெங் அனுப்பியிருந்தார். சந்தையில் ஓடு சுமக்கும் கைவண்டி ஒன்றை இரவல் வாங்கி, கம்ப்யூட்டரை அதன்மேல் உட்காரவைத்து, கடை கடையாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

முதல் கடை லியூங் அம்மாவுடையது. கன்டோனியக்காரர்; தரை ஓட்டுக்குச் சமமாகப் பளபளக்கும் தங்கப் பல். "என்னடி பொண்ணுங்களா, கோயில் தேர் மாதிரி தள்ளிக்கிட்டு வர்றீங்க?"

தாங் ஹுய் வாயைத் திறப்பதற்குள் யுன்லான் சொல்லிவிட்டாள். "உங்க கதவ அடுத்தவங்க ரிமோட் தெறக்குமான்னு பாக்க வந்தோம்மா. சில ரிமோட்டுல ஒரே நம்பரு விழுந்திருக்கு. எங்க தப்பு."

தாங் ஹுய் அவள் முதுகில் கிள்ளினாள். "பேட்டரின்னு சொல்லச் சொன்னாருல்ல!"

லியூங் அம்மா ஒரு நொடி முறைத்தார். பிறகு பக்கத்துக் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய் ஆ கியூங்! ஒன் ரிமோட்டக் கொண்டா! என் கடைய நீ தெறந்து பாக்கறியோன்னு பரிசோதன பண்றாங்களாம்!"

சேதி வண்டிக்கு முன்னால் ஓடியது. எட்டாவது கடைக்குப் போகும்போது கடைக்காரர்கள் ரிமோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஒரு நரைத்தலை ஆள் மட்டும் கத்தினார். கூடப் பிறந்தவரிடம்கூடச் சாவி கொடுக்காதவராம். தொழிற்கூடத்தின் மேல் வழக்குப் போடுவேன் என்றார். "போடுங்கய்யா, மொதல்ல பொத்தான அமுக்குங்க" என்றாள் யுன்லான். அமுக்கினார். கம்ப்யூட்டர் கத்தியது, மூன்று கடை தள்ளி ஒரு ஷட்டர் ஏறியது. அவர் மாற்று ரிமோட்டுக்குக் கையை நீட்டினார். மிச்சத்தை மற்றவர்கள் பேசினார்கள்.

இரண்டரை நாள். கம்ப்யூட்டர் கத்தும்போதெல்லாம் எண்ணின் இரு சொந்தக்காரர்களுக்கும் நடுவே தப்படி போட்டு அளந்தாள் தாங் ஹுய். நாற்பதுக்குள் இருந்தால் ஒன்றை மாற்று, ஷட்டருக்குப் புது எண்ணைக் கற்றுக்கொடு. நாற்பதுக்கு மேலென்றால் தாளில் எழுது. எண்பத்தோரு ஜோடியைப் பிரித்தார்கள். நாற்பத்தைந்து தப்படியில் இருந்தவற்றையும் சந்தேகத்தின்பேரில் மாற்றினாள் யுன்லான். கடைசியில் கையில் மிஞ்சியது ஆறு ரிமோட்.

எட்டாம் நாள் காலை. சிங்க நடனக்காரர்கள் முரசைத் தட்டினார்கள். வெங் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நெற்றி வியர்வையை அதன் கையிலேயே துடைத்தார். எட்டு பதினெட்டு. பட்டாசு வெடித்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு ஷட்டரும் ஒன்றாகக் குரலெடுத்து ஏறின. உள்ளே இருந்த பளிங்குத் தரைகளின் வெளிச்சம் தெருவில் வந்து விழுந்தது.

லியூங் அம்மாவின் ஷட்டர் மட்டும் இடுப்பளவில் நின்றது.

தாங் ஹுய் யுன்லானின் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. யுன்லான் அசையாமல் சுற்றுமுற்றும் பார்த்தாள், வேறு எந்தக் கை பொத்தானில் இருக்கிறதென்று. ஷட்டர் இறங்கத் தொடங்கியது. தெருவே "ஐயோ" என்றது.

"நான்தான், நான்தான்!" என்று கத்தினார் லியூங் அம்மா. "பட்டாசுச் சத்தத்துல தூக்கிவாரிப் போட்டு இன்னும் ரெண்டு தடவ அமுக்கிட்டேன்!" மறுபடி அமுக்கினார், நின்றது. மறுபடி; ஏறியது, உச்சி வரைக்கும். அவர் திரும்பித் தெருவைப் பார்த்துத் தங்கப் பல் தெரியச் சிரித்தார். "எல்லாரும் ஒரு தடவ தெறந்தீங்க. நான் ரெண்டு தடவ தெறந்தேன். எனக்கு ரெட்டிப்பு யாவாரம்!"

அதற்கப்புறம்தான் வெங் மூச்சு விட்டார்.

தாளில் எழுதியிருந்த தூரத்து ஜோடிகளை எட்டாம் மாதம் முடிவதற்குள் மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு வரிசைக்கும் ரிமோட் கேட்டு ஆள் வந்தது. பழைய கம்ப்யூட்டர் பரிசோதனை மேசைக்குத் திரும்பியது; மறுபடி பதினோரு நொடி. தன் யோசனையைத் தானே திரும்பப் பெற்றதைப் பற்றி யுன்லான் நீட்டிப் பேசவில்லை. வருத்தப்பட்டாளா என்று தெரியாது. நடையில் எந்த மாற்றமும் இல்லை.

ஒரு நாள் வெங் அவளைக் கூப்பிட்டார். "இனிமே சிப் வாங்கற வேல ஒன்னோடது. மலிவுன்னா எனக்குக் கையரிக்கும். நீ எங்க வாங்குனாலும் சரி, நான் கேக்கமாட்டேன்."

பத்தாம் மாதத்தில், கடும் குளிர் இல்லாத ஒரு காலையில், அவளும் தாங் ஹுய்யும் ஹுவாச்சியாங்பெய் போனார்கள். தாங் ஹுய் நாலு பேரிடம் விசாரித்து, ஒரு குறையும் சொல்லப்படாத மூன்று கடைகளின் எண்களை எழுதிவந்திருந்தாள். மூன்றும் முதல் மாடியிலேயே இருந்தன. யுன்லான் மூன்றையும் நின்று பார்த்தாள். மாதிரி எடுத்துக் காட்டினார்கள், விளக்கினார்கள், எதைக் கேட்டாலும் குறையே கிடையாது என்றார்கள், உட்காரச் சொன்னார்கள். அவள் தலையாட்டிவிட்டு நகரும் படிக்கட்டில் மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

"அக்கா, எங்க போற? அக்கா! அந்த ஆளுகிட்டயா?"

ஃபாங் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்திருக்கவேண்டும்.

"நம்பரு திரும்புமா?" என்று கேட்டாள்.

"இது திரும்பாது."

"பத்து ரீல் குடுங்க."

வீடு திரும்பும் பேருந்தில் தாங் ஹுய் ஏன் என்று மூன்று முறை கேட்டாள். மூன்றாம் முறை திட்டியும் கேட்டாள். யுன்லான் ரீல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனையாவது நிறுத்தம் என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெங் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு வேறு எந்தக் கடையிலும் அவள் சிப் வாங்கியதில்லை.